பெரியப்பாவுக்கு மூணு தடவை வந்த டிபி: கல் தூசு, கிருமி, யாரும் எடுக்காத கணக்கு

பெரியப்பாவுக்கு மொத தடவை டிபி வந்தப்ப வீட்ல பெருசா யாரும் பதறல, ஏன்னா எங்க ஊர்ப்பக்கம் கல்லு வேலைக்கு போறவங்களுக்கு இருமல் வர்றதும் மாத்திரை குடுக்குறதும் சகஜம், ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாரு, உடம்பு தேறுச்சு, திரும்ப வேலைக்கு போயிட்டாரு. ரெண்டு வருசம் கழிச்சு திரும்ப வந்துச்சு. அப்ப எல்லாரும் அவரைத்தான் திட்டினாங்க, மாத்திரைய ஒழுங்கா போட்டிருக்க மாட்டே, குடிச்சிருப்பே, பீடிய விட்டிருக்க மாட்டேன்னு. மனுசன் ஒருநாள் விடாம போட்டாரு, பெரியம்மா முன்னாடி நின்னு விழுங்கவெச்சாங்க, அது எனக்கு தெரியும். மூணாவது தடவை வேற ஊர் ஆஸ்பத்திரில ஒரு சின்ன வயசு டாக்டர் எக்ஸ்ரேவ வெளிச்சத்துல வெச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஐயா நீங்க என்ன வேலை பாத்தீங்க?"னு கேட்டாரு. பதினொரு வருசத்துல அந்த கேள்விய கேட்ட மொத ஆளு அவருதான்.

பத்தொம்பது வயசுல இருந்து பர்கூர் பக்கம் குவாரில ஜாக்ஹேமர் புடிச்சவரு, அப்புறம் ஒரு கட்டிங் பாலிஷ் ஷெட்டுல எட்ஜ் கட்டர். டாக்டர் சொன்னது இவ்ளோதான்: "இது வெறும் டிபி இல்ல. கீழ சிலிகோசிஸ் இருக்கு, அது மேல டிபி உக்காந்திருக்கு." சிலிகோசிஸ்னா கல்லு தூசுல இருக்குற சிலிக்கா உள்ள போயி நுரையீரல தழும்பாக்குற நோய்.

அன்னைல இருந்து இந்த விஷயத்த தேடி படிச்சிட்டே இருக்கேன். நான் டாக்டர் இல்ல, ஆனா தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் வீட்டுக்கு ஒருத்தராச்சும் கல்லு கிட்ட வேலை பாத்திருப்பாங்க, இல்ல பெங்களூர்ல பில்டிங் வேலைக்கு போயிருப்பாங்க, அதனால புரிஞ்ச வரைக்கும் எழுதி வெக்கலாம்னு தோணுச்சு.

முதல்ல தூசு. கிரானைட்னு நாம சொல்ற கல்லுல சாதாரணமா நூத்துக்கு இருபதுல இருந்து முப்பது பங்குக்கு மேல கூட குவார்ட்ஸ் இருக்கும், அதாவது படிக வடிவத்துல இருக்குற சிலிக்கா. கல்ல அறுக்கும்போதும் துளை போடும்போதும் பாலிஷ் போடும்போதும் அது பொடியாகி பறக்குது. நம்ம கண்ணுக்கு தெரியுற வெள்ளை புகை மாதிரி தூசு இருக்கே, அது மூக்குலயும் தொண்டைலயும் சிக்கி சளியோட வெளிய வந்துடும். ஆபத்தானது கண்ணுக்கு தெரியாதது. தலைமுடி தடிமன்ல பதினஞ்சுல ஒரு பங்கு கூட இல்லாத துகள், அது காத்துல மணிக்கணக்கா மிதக்கும், மூச்சோட நேரா நுரையீரல் அடிமட்டத்துல இருக்குற காத்துப்பைக்கு போயிடும். மூஞ்சில துண்ட கட்டிக்கிட்டா அது நிக்காது, துண்டோட நூல் இடைவெளி அதுக்கு ராஜபாட்டை. ஷெட்டுல தூசு அடங்கிடுச்சுன்னு துண்ட அவுத்துட்டு டீ குடிப்பாங்களே, அந்த நேரத்துலதான் நைஸ் தூசு முழுக்க காத்துல இருக்கும்.

இன்னொரு விஷயம், எல்லா கல்லும் ஒண்ணு இல்ல. வியாபாரத்துல கருப்பு கிரானைட்னு சொல்றது நிஜமா கிரானைட்டே இல்ல, நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பாறைகளுக்கு நடுவுல சுவர் மாதிரி ஓடுற டோலரைட் வகை கல்லு, அதுல குவார்ட்ஸ் ரொம்ப கம்மி. வெளிநாட்டுக்கு பேரோட போற பாரடைசோ மாதிரி கலர் கல்லுங்கள்ல குவார்ட்ஸ் நல்லா இருக்கு. ஆனா தொழிலாளி இன்னைக்கு கருப்பு, நாளைக்கு கலர், அடுத்த மாசம் கிரஷர்னு மாறிட்டே இருப்பாரு, எந்த கல்லுல எத்தன வருசம்னு அவருக்கே ஞாபகம் இருக்காது. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இதுதான் மொத தலைவலி, யார் எவ்ளோ தூசு குடிச்சாங்கன்னு கணக்கே கிடையாது.

காத்துப்பைக்குள்ள போன துகள முழுங்குறதுக்குன்னே மேக்ரோபேஜ்னு ஒரு வகை செல் இருக்கு, நுரையீரலோட காவல்காரன்னு வெச்சுக்கோங்க. தூசோ கிருமியோ எது வந்தாலும் இவன் முழுங்கி அழிக்கணும். சிலிக்காவ இவனால செரிக்க முடியாது. முழுங்குவான், செத்துப்போவான், உள்ள இருந்த துகள் வெளிய விழும், அடுத்த காவல்காரன் அத முழுங்குவான், அவனும் சாவான். இப்படி சாகும்போதெல்லாம் சுத்தி இருக்குற இடம் புண்ணாகி தழும்பா இறுகுது, சின்ன சின்ன முடிச்சு முடிச்சா, பெரும்பாலும் நுரையீரலோட மேல் பாகத்துல. வேலைய விட்ட பிறகும் இது நிக்காது, ஏன்னா துகள் உள்ளயேதான் இருக்கு. பத்து வருசத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா தூசு குடிச்சவங்களுக்கு வர்றது மெதுவா வர்ற வகை. தூசு அதிகமா இருந்தா அஞ்சு பத்து வருசத்துலயே வரும், ரொம்ப கொடுமையா இருந்தா சில மாசத்துலயே ஆள முடிச்சிடும். குணப்படுத்துற மருந்து இன்னைக்கு வரைக்கும் இல்ல.

இப்ப டிபி கிருமி எங்க குடியிருக்கும்னு நெனைக்குறீங்க? அதே மேக்ரோபேஜ் உள்ளதான்! டிபி கிருமியும் காவல்காரன் முழுங்கினதுக்கு அப்புறம் சாகாம அவனுக்குள்ளயே தூங்குற ஜாதி, நல்ல காவல்காரனா இருந்தா அத வருசக்கணக்கா பூட்டி வெச்சிருப்பான். சிலிக்கா தின்னு நொந்து போன காவல்காரனால பூட்ட முடியாது. அதனாலதான் சிலிகோசிஸ் இருக்குறவங்களுக்கு டிபி நோயா கிளம்புற வாய்ப்பு மத்தவங்கள விட மூணு நாலு மடங்குனு ஆய்வுகள் காட்டுது. எக்ஸ்ரேல சிலிகோசிஸ் தெரியாத ஆளுக்கு கூட, தூசுல வருசக்கணக்கா இருந்திருந்தாலே ரிஸ்க் கூடுதுனு தென்னாப்பிரிக்கா தங்கச் சுரங்கத் தொழிலாளிகள வருசக்கணக்கா பின்தொடர்ந்து பாத்து சொல்லிருக்காங்க. அங்க ஹெச்ஐவியும் சேர்ந்துகிட்டப்ப ரெண்டு ரிஸ்க்கும் கூட்டல் கணக்குல வரல, பெருக்கல் கணக்குல வந்துச்சு.

பெரியப்பா கதைல எனக்கு ரொம்ப எரிச்சல் வந்த இடம் எதுன்னா, இதுக்கான பதில் ஏற்கனவே எழுதி வெச்சிருக்கு, அதுவும் நம்ம மெட்ராஸ் பேரு போட்டு. ஹாங்காங்ல கட்டட வேலை, கல்லு வேலை பாத்த சிலிகோசிஸ் நோயாளிங்க நிறைய. ஹாங்காங் நெஞ்சக சேவை, மெட்ராஸ்ல இருந்த காசநோய் ஆராய்ச்சி மையம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் மூணும் சேர்ந்து அங்க ஆய்வு பண்ணுச்சு. அந்த மெட்ராஸ் மையம்தான் 1956ல ஆரம்பிச்சு, இன்னைக்கு சேத்துப்பட்டுல தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமா இருக்கு, வீட்ல இருந்தே மாத்திரை சாப்பிட்டா சானடோரியம்ங்குற டிபி ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு சாப்பிடுறதுக்கு சமமா குணமாகும்னு 1959ல உலகத்துக்கே காட்டின இடம் அது. 1991ல வந்த ஹாங்காங் ஆய்வுல சிலிகோசிஸோட டிபியும் சேர்ந்து இருக்குறவங்கள ரெண்டு கோஷ்டியா பிரிச்சு ஒரு கோஷ்டிக்கு 6 மாசம், இன்னொரு கோஷ்டிக்கு 8 மாசம் மருந்து குடுத்தாங்க. 6 மாசம் சாப்பிட்டவங்கள்ல 22 சதவீதம் பேருக்கு திரும்ப வந்துச்சு, 8 மாசம் சாப்பிட்டவங்கள்ல 7 சதவீதம் பேருக்குதான் வந்துச்சு.

இத படிச்சப்ப ரெண்டு நாள் எனக்கு சோறு இறங்கல. பெரியப்பாவுக்கு ஆறு மாசத்துல மாத்திரைய நிறுத்தினது யாரோட தப்பும் இல்ல, சாதாரண டிபிக்கு அதான் முறை. அவரு சாதாரண டிபி ஆளு இல்லன்னு யாருக்கும் தெரியாததுதான் பிரச்சனை, தெரிஞ்சிக்க ஒரே ஒரு கேள்வி போதும்.

அடுத்த வருசம், 1992ல, அதே கூட்டணி இன்னொரு ஆய்வு வெளியிட்டுச்சு, சிலிகோசிஸ் இருக்கு ஆனா டிபி இன்னும் வரலங்குறவங்களுக்கு முன்னெச்சரிக்கையா மருந்து குடுத்துப் பாத்தது. உள்ள மருந்தே இல்லாத வெறும் சக்கை மாத்திரை சாப்பிட்டவங்கள்ல அஞ்சு வருசத்துல 27 சதவீதம் பேருக்கு டிபி வந்துச்சு, மருந்து சாப்பிட்டவங்கள்ல 13 சதவீதம். பாதியா குறைஞ்சிருக்கு, சந்தோசம்தான், ஆனா அந்த 27ஐ இன்னொரு தடவை பாருங்க, நாலுல ஒருத்தருக்கு மேல! சிலிகோசிஸ்னு தெரிஞ்ச ஆளுக்கு டிபி உள்ள தூங்குதான்னு பாத்து தடுப்பு மருந்து குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது, 2021ல வந்த நம்ம நாட்டு வழிகாட்டுதலும் சொல்லுது. ஆனா அதுக்கு மொதல்ல சிலிகோசிஸ்னு யாராச்சும் கண்டுபுடிக்கணுமே.

கேள்வினு சொன்னேன்ல, அது புதுசும் இல்ல. இத்தாலில பெர்னார்டினோ ராமாசினினு ஒரு மருத்துவர், 1700ல தொழில் நோய்கள பத்தி எழுதினப்பவே, நோயாளி கிட்ட கேக்குற கேள்விகளோட "நீ என்ன தொழில் செய்யுற?"ங்குறதையும் சேர்த்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனாரு, கல் கொத்துறவங்க நுரையீரல பத்தியும் எழுதிருக்காரு. அதுக்கும் முன்னாடி 1556ல ஜெர்மனிக்காரர் அக்ரிகோலா சுரங்கத் தொழில் பத்தி எழுதினதுல ஒரு வரி வருது, கார்பாத்தியன் மலை சுரங்கப் பக்கம் சில பொம்பளைங்க ஏழு புருசன் வரைக்கும் கட்டியிருக்காங்க, ஏழு பேரையும் அந்த கொடிய நோய் கொண்டு போயிடுச்சுன்னு. புள்ளிவிவரம்னு ஒண்ணு பொறக்குறதுக்கு முன்னாடியே எடுத்த கணக்கு அது. செத்த ஆம்பளைங்கள எண்ண முடியலன்னா தாலி அறுத்த பொம்பளைங்கள எண்ணு. எங்க பக்கத்துல சில கிராமங்களுக்கு போனா இன்னைக்கும் அந்த முறைதான் சரியா வரும்னு எனக்கு தோணும்.

சரி, அப்ப தொத்துநோய் பரவினா உடனே ஆளுங்க ஜீப்புல வந்து இறங்குறாங்களே, இதுக்கு மட்டும் ஏன் யாரும் வர்றதில்ல? இதுக்கு காரணம் அலட்சியம் மட்டும்னு சொல்லிட முடியாது, நோயோட குணமே அப்படி. ஒரு ஊர்ல நாப்பது பேருக்கு ஒரே வாரத்துல வாந்தி பேதின்னா அது கண்ண குத்தும். யாருக்கு, எப்ப, எந்த தெருவுலன்னு ஒரு பட்டியல் போடுவாங்க, எத்தனாம் தேதி எத்தன பேருன்னு கோடு வரைவாங்க, கோடு எங்க ஏறுதோ அங்க இருந்து பின்னாடி எண்ணினா தண்ணி டேங்கா கல்யாண சாப்பாடானு தெரிஞ்சிடும். 1854ல லண்டன்ல ஜான் ஸ்னோங்குற டாக்டர் காலராவுல செத்தவங்க வீட்ட வரைபடத்துல குறிச்சு, நோய பரப்பினது ஒரு அடிபம்புதான்னு கண்டுபுடிச்சது இந்த வழிலதான். சென்னைல தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001ல இருந்து டாக்டர்களுக்கு இப்படி களத்துல போய் துப்பு துலக்குற பயிற்சி குடுத்துட்டு வருது.

தூசு நோய்ல இந்த வித்தை எல்லாம் படுத்துடும். இன்னைக்கு உள்ள போன தூசு பதினஞ்சு வருசம் கழிச்சு மூச்சு வாங்கும். அதுக்குள்ள ஆளு நாலு குவாரி மாறியிருப்பாரு, பெங்களூர்ல டைல்ஸ் வெட்டியிருப்பாரு, கடைசில மூச்சு விட முடியாம சொந்த ஊர்ல ஆடு மேய்ச்சிட்டு இருக்கும்போதுதான் நோயே தெரியும். கோடு வரையலாம்னா ஒரு நோயாளி பாலக்கோட்டுல, ஒருத்தர் ஊத்தங்கரைல, ஒருத்தர் ஒடிசாவுக்கே திரும்பிப் போயிட்டாரு. எந்த ஊர்லயும் கூட்டமா தெரியாது.

இதுல இன்னொரு பெரிய கண்கட்டு வேலை இருக்கு. பெரியப்பாவோட பழைய ஓனர் ஒருத்தர்கிட்ட இத பத்தி பேசினப்ப அவரு சொன்னாரு, "தம்பி, நம்ம ஷெட்டுக்கு வந்து பாரு, முப்பது பேரும் கல்லு மாதிரி இருக்கான், எவனுக்கு நோயி?" அவரு பொய் சொல்லல. மூச்சு முட்டுறவன் மறுநாள் வேலைக்கு வரமாட்டான், அவன் இடத்துக்கு இருபது வயசு பையன் வந்துடுவான், அதனால எந்த நாள் போய் பாத்தாலும் ஷெட்டுல இருக்குறவங்க எல்லாரும் ஆரோக்கியமாதான் இருப்பாங்க! யாருக்கு ஏன் நோய் வருதுனு கணக்கு எடுக்குற எபிடெமியாலஜில இது ரொம்ப பழைய தலைவலி. 1885லயே இங்கிலாந்துல வில்லியம் ஓகிள்னு ஒருத்தர், தொழில் வாரியா சாவு எண்ணிக்க பாக்கும்போது இந்த கோளாறு வரும்னு எச்சரிச்சிருக்காரு, கஷ்டமான வேலை பலவீனமானவன தானே வெளிய தள்ளிடும், அப்புறம் அந்த வேலை ஆரோக்கியமானதா தெரியும்னு. இப்ப இதுக்கு 'ஆரோக்கியத் தொழிலாளி விளைவு'னு பேரே இருக்கு. ஒரு நாள் கேம்ப் போட்டு ஷெட்டுல இருக்குறவங்களுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து 'பாதிப்பு குறைவு'னு ரிப்போர்ட் குடுத்தா அத நம்பக்கூடாது. வேலைய விட்டவங்க வீட்ட தேடிப் போகணும், பழைய கூலி நோட்ட தேடணும், செத்தவங்க பேரையும் சேர்க்கணும்.

இல்லாத ஆளுங்கள எண்ணுறது எப்படின்னு பாக்கணும்னா அமெரிக்கால ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதை கதைய படிக்கணும். மேற்கு வர்ஜீனியால 1930, 31ல ஆத்த திருப்பிவிட மலைய குடைஞ்சாங்க, பாறை முழுக்க சிலிக்கா, தண்ணி தெளிக்காம உலர்வா துளை போட்டாங்க, உள்ள வேலை பாத்தவங்க பெரும்பாலும் தெற்குல இருந்து பொழப்பு தேடி வந்த கறுப்பினத்தவங்க. மாசக்கணக்குலயே செத்தாங்க. பல பேரு சாவுக்கு நிமோனியான்னு எழுதினாங்க. நோய் வந்தவங்க ஊருக்கு போயி அங்க செத்தாங்க, ஒருத்தர் கணக்கும் ஒரே இடத்துல இல்ல. அம்பது வருசம் கழிச்சு 1980கள்ல மார்ட்டின் செர்னியாக்னு ஒரு டாக்டர் பழைய பதிவுகள தோண்டி எடுத்து, வழக்கமா எத்தன பேரு செத்திருக்கணும், நிஜத்துல எத்தன பேரு செத்தாங்கன்னு ஒப்பிட்டு, கொறஞ்சது 764 பேருன்னு சொன்னாரு. நிமோனியான்னு எழுதின சர்டிபிகேட்டும் டிபினு எழுதின கார்டும் எனக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியுது.

இந்தியாலயும் கணக்கு எடுத்த இடம் இல்லாம இல்ல. அகமதாபாத்ல 1966ல ஆரம்பிச்ச தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் மத்தியப் பிரதேசம் மந்த்சௌர்ல சிலேட்டு குச்சி அறுக்குறவங்கள பத்தி, குஜராத் கம்பாத்ல அகேட் கல்லு பட்டை தீட்டுறவங்கள பத்தி எல்லாம் ஆய்வு பண்ணிருக்கு. நாம பள்ளிக்கூடத்துல எழுதினோமே சிலேட்டு குச்சி, அது ஒரு ஊரையே இருமவெச்ச பொருள். ராஜஸ்தான் 2019ல இதுக்குன்னே தனி கொள்கை கொண்டு வந்து, சிலிகோசிஸ்னு சான்று குடுத்தா 3 லட்சம், இறந்தா குடும்பத்துக்கு இன்னும் 2 லட்சம்னு அறிவிச்சுச்சு. பணம் குடுத்தா நுரையீரல் வராதுதான், ஆனா பணம் இருக்குன்னதும் சான்று கேட்டு ஆளு வர ஆரம்பிக்குறாங்க, சான்றுக்கு வந்தா கணக்கு வருது.

கிரானைட் ஊர்ல இது மாறவே மாறாதான்னு கேட்டா, மாறுன ஊரு ஒண்ணு இருக்கு. அமெரிக்கால வெர்மான்ட் மாநிலத்துல பேரி (Barre)னு ஒரு ஊரு, இத்தாலில இருந்து வந்த கல் தச்சருங்க குடியேறின இடம். அவங்க ஊர்ல திறந்த வெளில சுத்தியலும் உளியுமா கொத்துன வரைக்கும் பெரிய பிரச்சனை இல்ல. இங்க குளிருக்கு மூடின ஷெட்டு, அதுக்குள்ள காத்தழுத்தத்துல ஓடுற உளி வந்துச்சு, வேலை பல மடங்கு வேகம், தூசும் பல மடங்கு. 1922ல ஃபிரெடெரிக் ஹாஃப்மேன்னு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி புள்ளிவிவரக்காரர் கணக்கு எடுத்து, கிரானைட் தொழிலாளிங்க டிபில சாவுறது ஏறிட்டே போகுதுனு காட்டினாரு. நாட்டுல மத்தவங்களுக்கு டிபி சாவு இறங்கிட்டு இருந்த காலம் அது! கவனிங்க, இங்கயும் நோயோட பேரு டிபிதான், தூசு பின்னாடி ஒளிஞ்சிட்டு இருந்துச்சு. 1930களோட கடைசில ஒவ்வொரு கட்டிங் இடத்துலயும் தூச உறிஞ்சி இழுக்குற குழாய் மாட்டினாங்க. அதுக்கப்புறம் வேலைக்கு சேர்ந்தவங்ககிட்ட சிலிகோசிஸும் சரி டிபி சாவும் சரி பெருமளவு குறைஞ்சிடுச்சு. டிபிக்கு மாத்திரை வர்றதுக்கு முன்னாடியே தொடங்கின வேலை அது.

தலைகீழா பண்ணிப் பாத்த கதையும் இருக்கு. தென்னாப்பிரிக்கா தங்கச் சுரங்கங்கள்ல 'திபேலா டிபி'னு ஒரு பெரிய ஆய்வு, ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்கு மொத்தமா ஒன்பது மாசம் தடுப்பு மாத்திரை குடுத்தாங்க, 2014ல முடிவு வந்துச்சு. மாத்திரை சாப்பிட்ட வரைக்கும் டிபி நல்லா குறைஞ்சுச்சு, நிறுத்தினதும் பழைய நிலைமை. சுரங்கத்துல மொத்த டிபி குறையவே இல்ல. தூசு அப்படியே, நெருக்கடி அப்படியே, மாத்திரை மட்டும் என்ன பண்ணும்.

தூசும் புகையும் டிபிக்கு மட்டும் கதவு திறக்கல, நிமோனியாவுக்கும் திறக்கும். ஓசூர் சிப்காட்ல வெல்டிங் பண்றவங்க இத படிக்கணும். வெல்டிங் புகைல இருக்குற உலோகத்தால நிமோனியாவ உண்டாக்குற நிமோகாக்கஸ் கிருமி நுரையீரல்ல சுலபமா ஒட்டிக்குது, அதனால இங்கிலாந்துல வெல்டர்களுக்கு அதுக்கான தடுப்பூசி பரிந்துரைக்குறாங்க. 2015ல பெல்ஃபாஸ்ட் கப்பல் கட்டும் தளத்துல, 2019ல நார்வேல, அதே வருசம் பின்லாந்து துர்குல, கப்பல் கட்டுற இடங்கள்ல வரிசையா நிமோனியா பரவுச்சு. இதெல்லாம் வாரக்கணக்குல பரவினதால உடனே ஆளு வந்தாங்க, கண்டுபுடிச்சாங்க, ஊசி போட்டாங்க. சொல்லப்போனா நிமோகாக்கஸ் தடுப்பூசிய மனுசங்க மேல பெரிய அளவுல மொதல்ல போட்டுப் பாத்ததே 1911ல அல்ம்ரோத் ரைட்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர் தென்னாப்பிரிக்கா சுரங்கத் தொழிலாளிங்க மேலதான். தூசு குடிக்கிறவன் உடம்பு ஆராய்ச்சிக்கு எப்பவும் உபயோகமாதான் இருந்திருக்கு, பலன் அவன் வீட்டுக்கு வர்றதுலதான் தாமதம்.

நம்ம ஊருக்கு வருவோம். சட்டம் இல்லன்னு சொல்ல முடியாது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே சிலிகோசிஸ் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய், பாத்த டாக்டர் அரசுக்கு எழுதணும். இப்ப வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் அந்த பட்டியல் இருக்கு. ஆனா சட்டம் ஆள மூணா வெட்டுது. குவாரில நின்னா அவரு சுரங்கத் தொழிலாளி, மத்திய அரசோட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம், பழைய சுரங்க விதிப்படி அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா மருத்துவ சோதனை நடந்திருக்கணும். அதே ஆளு பாலிஷ் பேக்டரிக்கு போனா மாநிலத் தொழிற்சாலை ஆய்வாளர் பாத்துக்கணும். ஏழு எட்டு பேரு வெச்சு ஓட்டுற கட்டிங் ஷெட்டுக்கு போனா தொழிற்சாலைங்குற கணக்குலயே வராது, கரண்டு உபயோகிச்சா பத்து பேருன்னு இருந்த வரம்பு புது தொகுப்புல இருபது ஆயிடுச்சு. பெரியப்பா மூணு இடத்துலயும் இருந்தவரு. மூணு ஆபீஸ்லயும் அவரு பேரு இல்ல.

அளவு கணக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். பழைய சட்டத்துல தூசுக்கு ஒரு சூத்திரம், பத்த குவார்ட்ஸ் சதவீதத்தோட ரெண்டு கூட்டி அதால வகுக்கணும். 30 சதவீதம் குவார்ட்ஸ்னா 10ஐ 32ஆல வகுத்தா ஒரு கன மீட்டர் காத்துல 0.31 மில்லிகிராம் நைஸ் தூசு வரைக்கும் இருக்கலாம், அதுல குவார்ட்ஸ் மட்டும் 90 மைக்ரோகிராமுக்கு மேல. அமெரிக்கா 2016ல போட்ட வரம்பு 50 மைக்ரோகிராம். நம்ம பழைய வரம்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதையும் யாரு மிஷின் வெச்சு அளக்குறாங்க?

வெல்லம் சாப்பிட்டா தூசு இறங்கிடும்னு கல்லு வேலை பாக்குறவங்க எல்லாரும் நம்புவாங்க, பெரியப்பாவும் டவுசர் பாக்கெட்ல எப்பவும் ஒரு கட்டி வெச்சிருப்பாரு. இத சும்மா சிரிச்சுட்டு போக முடியாது, லக்னோல விஞ்ஞானிங்க எலிக்கு வெல்லம் குடுத்து பாத்து துகள் நுரையீரல்ல இருந்து நகருதுனு 1994ல எழுதிருக்காங்க. ஆனா எலி எலிதான், பெரியப்பா பெரியப்பாதான். தண்ணி ஊத்தி கல்ல அறுக்குறது, தூச பொறந்த இடத்துலயே உறிஞ்சுறது, இந்த ரெண்டும்தான் வேலை செய்யும்.

தண்ணி ஊத்தி அறுத்தாலும் ஒரு கோளாறு, அந்த கலக்கல் சேறு, ஸ்லரி, அத ஷெட்டு பின்னாடி கொட்டுறாங்க, காய்ஞ்சா மாவு மாதிரி ஆயிடும், ஆடி மாசம் காத்து அடிக்கும்போது மொத்தமும் ஊருக்குள்ள வரும், கொடில காயப்போட்ட துணி சாயங்காலம் வெள்ளையா இருக்கும். வேலைக்கே போகாத பெரியம்மாவும் இருமுறாங்க.

பெரியப்பா பையன், எங்க அண்ணன், அதே தொழில்தான் பாக்குறான். போன மாசம் ரொம்ப வற்புறுத்தி எக்ஸ்ரே எடுக்க கூட்டிட்டு போனேன். சீட்டுல பேரு, வயசு எல்லாம் எழுதினாங்க, தொழில்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல 'கூலி'னு போட்டிருந்தாங்க. அண்ணன் படிச்சுப் பாத்துட்டு, "சரிதானடா, கூலிதான"ன்னான். நான் பேனா வாங்கி பக்கத்துல 'கிரானைட் கட்டர், 14 வருசம்'னு எழுதினேன். கவுண்டர்ல இருந்த அம்மா, சீட்டுல நீங்களா எதுவும் எழுதக்கூடாதுன்னு சத்தம் போட்டு வேற புது சீட்டு போட்டுக் குடுத்தாங்க. அதுலயும் 'கூலி'தான்.